டொராண்டோவில் கோடையில் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடித்த கார் இப்போது 11 குடிக்கிறது, என்ன கோளாறு?

"குளிர்னா அப்படித்தான், விட்டுத்தள்ளுங்க" என்று உங்களிடமும் நாலு பேர் சொல்லியிருப்பார்கள். என்னிடமும் சொன்னார்கள், அந்தக் கடுப்பில்தான் இதை எழுதுகிறேன்.

குளிரில் அதிகம் குடிக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆயில் கெட்டிப்படும், டயரில் காற்று இறங்கும் (ஐந்தாறு டிகிரி குறைந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பிஎஸ்ஐ குறையும்), பனிக்காலப் பெட்ரோலிலும் சக்தி கொஞ்சம் குறைவு. அமெரிக்க எரிசக்தித் துறைக் கணக்குப்படி 25 டிகிரியில் கிடைக்கும் மைலேஜ் மைனஸ் 7-இல் நகருக்குள் சுமார் 15 சதவீதம் குறையும், ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டி அணைப்பவர்களுக்கு 24 வரை போகலாம். அந்த மோசமான கணக்கிலும் உங்கள் 8 லிட்டர் பத்தரையில் நிற்கணும். மைனஸ் 20 அடித்தால் என்ன என்று சண்டைக்கு வராதீர்கள், மாதம் முழுக்கவா அப்படி அடிக்கிறது?

என் வண்டியில் பிரச்சினை தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை கூலண்டை (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ரேடியேட்டருக்கு விடாமல் அடைத்து வைக்கும் வால்வு. சிக்னலில் நிற்கும்போது வெப்ப முள் ஏறும், 404 ஹைவேயில் வேகம் பிடித்ததும் சரசரவென்று இறங்கிவிடும், ஹீட்டரில் வெதுவெதுப்பாக ஏதோ வரும், மனைவி கையுறையைக் கழற்றவே மாட்டாள். கராஜில் காட்டினால் ஆக்ஸிஜன் சென்சார் மாற்றணும், இன்ஜெக்டர் கிளீன் பண்ணணும் என்று பட்டியல் நீட்டினார்கள். முள் இறங்குவதைச் சொன்னேன், காதிலேயே வாங்கவில்லை. மலிவாக ஒரு ஓபிடி ஸ்கேனர் (கார் கம்ப்யூட்டரில் இருப்பதைப் படித்துக் காட்டும் கருவி) வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே செருகிப் பார்த்தால், அரை மணி நேரம் ஓடியும் கூலண்ட் 60 டிகிரியைத் தாண்டவில்லை, 80-க்கு மேல் வர வேண்டியது. எஞ்சின் போதிய அளவு சூடாகவில்லை என்று சொல்லும் பி0128 கோடும் உட்கார்ந்திருந்தது. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் கூலண்ட் எப்போதும் ரேடியேட்டர் வழியாகவே சுற்றும், எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டித் தெளிக்கும். வேறொரு மெக்கானிக் மாற்றிவிட்டுப் பழசைக் கையில் கொடுத்தார்: வாய் பிளந்தபடி, ஸ்பிரிங் முழுக்கத் துரு. அடுத்த டேங்கிலேயே வித்தியாசம் தெரிந்தது.

உங்கள் முள் நடுவில் ஆடாமல் நின்றால் இது இல்லை. அப்போது காலையில் வண்டியை எடுக்கும் முன் டயர் காற்றைப் பாருங்கள். அப்புறம் ஓட்டி நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் கையை நீட்டுங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனல் அடித்தால் சாலை உப்பில் துருப்பிடித்து பிரேக் காலிப்பர் (பிரேக் கட்டையை அழுத்தும் பாகம்) இறுகியிருக்கலாம். கால் மணி நேரம் நிறுத்தி வைத்தே சூடாக்குகிறீர்களா? ஒரு நிமிஷம் போதும், மெதுவாக ஓட்டினால் இன்னும் சீக்கிரம் சூடாகும். கண்ணாடிப் பனியைச் சுரண்டாமல் கிளம்பச் சொல்லவில்லை.

பெட்ரோலில் மிச்சம் பிடிப்பதை இன்சூரன்ஸ் வாங்கிக்கொண்டு போவது தனிக்கதை. ஒரு விபத்து இல்லை, ஒரு டிக்கெட் இல்லை, ஆனாலும் ஒண்டாரியோவில் தபால் குறியீட்டையும் பார்த்துத்தானே பிரீமியம் போடுகிறார்கள். அதே காரை வைத்துக்கொண்டு வடக்கே சின்ன ஊரில் இருக்கும் என் மச்சான் என்னைவிடக் குறைவாகக் கட்டுகிறான், கேட்டால் சிரிக்கிறான். டொராண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் குடியிருப்பது குற்றமா?

சரி, வண்டி என்ன மாடல், ஹைவேயில் முள் எங்கே நிற்கிறது என்று கீழே எழுதுங்கள், பார்க்கலாம்.