மெய்நிகர் கணினிகளுக்கு இடையே சாட்பாட்டின் தமிழ்ச் செய்திகள் ஏன் சிதைகின்றன?

ஒரு மெய்நிகர் கணினியில் (மென்பொருளால் உருவாக்கப்பட்ட கணினியில்) இயங்கும் சாட்பாட், மற்றொன்றில் உள்ள மொழிச் செயலிக்கு அனுப்பும் தமிழ்ச் செய்திகள் சில வேளைகளில் மட்டும் சிதைவது ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். கணினிகள் தரவைப் பரிமாறப் பயன்படுத்தும் டிசிபி (TCP) இணைப்பு பைட்டுகளை வரிசை மாறாமல் கொண்டு சேர்க்குமே தவிர, ஒரு செய்தி எங்கே முடிகிறது என்பதை அறியாது. ஒரே முறையில் அனுப்பியது இரண்டு துண்டுகளாக வரலாம், இரண்டு செய்திகள் ஒட்டிக்கொண்டும் வரலாம். எழுத்துகளைப் பைட்டுகளாக மாற்றும் யூடிஎஃப்-8 (UTF-8) குறியாக்கத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைப் பிடிப்பதால், 'ந', இகரக் குறி என இரு குறியீடுகளால் ஆன 'நி' என்பதற்கு 6 பைட்டுகள் தேவை. நான்காவது பைட்டோடு துண்டு அறுந்து, நிரல் அதை அப்போதே எழுத்தாக மாற்ற முயன்றால் பிழைதான் மிஞ்சும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே போதும் என்பதால், ஆங்கிலத்தில் மட்டும் சோதிப்பவர்களுக்கு இக்கோளாறு தென்படுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் அதன் நீளத்தை 4 பைட்டு எண்ணாக அனுப்பி, அத்தனை பைட்டுகளும் வந்து சேர்ந்த பிறகே எழுத்தாக்குங்கள். அந்த நீளம் பைட்டுகளின் எண்ணிக்கையாக இருக்க வேண்டும், எழுத்துகளின் எண்ணிக்கையாக அன்று; பலரும் சறுக்கும் இடம் இதுவே.

மேலும், 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவோ, கொம்பு, கால் என இரண்டாகவோ எழுதலாம் என்பதால், சொற்களை ஒப்பிடுமுன் என்எஃப்சி (NFC) என்னும், இத்தகைய குறிகளை ஒரே குறியீடாகச் சேர்த்து எழுதும் சீரான வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.