என்எஃப்எல் டிராஃப்டுக்கு முன் கல்லூரி வீரர்களை எடைபோடும்போது 40 யார்டு ஓட்ட நேரத்தை எவ்வளவு நம்பலாம்?

கேள்வியைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. அமெரிக்க ஃபுட்பால் லீகான என்எஃப்எல்லில் அணிகள் கல்லூரி வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதுதான் டிராஃப்ட். அதை வைத்து உங்கள் அலுவலகத்தில் போட்டி வைத்திருப்பார்கள். நீங்களும் ராத்திரி யூட்யூபில் நாலு வீடியோ பார்த்துவிட்டு ஒரு பட்டியல் போட்டிருப்பீர்கள். இல்லையென்றால் மன்னிக்கவும், நான் 2017-இல் அப்படித்தான் இருந்தேன்.

அப்போது சியாட்டில் பக்கம் வேலை. வாஷிங்டன் பல்கலைக்கழக அணி, அதாவது ஹஸ்கீஸ் மேல் தீராத பைத்தியம். அந்த வருஷம் இண்டியானாபொலிஸில் நடந்த கம்பைனில், அதாவது டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதித்து அளக்கும் முகாமில், எங்கள் ஜான் ராஸ் 40 யார்டை 4.22 வினாடியில் ஓடினார். அதுவரை கம்பைனில் யாரும் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. டிவி முன்னால் நான் கத்திய கத்தலில் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்தாள். அலுவலகப் போட்டியில் ரிசீவர்களில், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பவர்களில், அவர்தான் முதல் என்று எழுதிக் கொடுத்தேன்.

பக்கத்து இருக்கைக்காரர் யாகிமாவில் ஆப்பிள் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர், ரிட்டயர் ஆகும் வயசு. அவர் எழுதியது கூப்பர் கப். ஈஸ்டர்ன் வாஷிங்டன் என்ற சின்னக் கல்லூரி, சிவப்பு நிறத்தில் மைதானம் போட்டிருப்பார்களே, அங்கே ஆடியவர். கம்பைனில் 4.62. நான் சிரித்தேன். சொந்த ஊர்ப் பையன் என்பதால் சொல்கிறீர்கள் என்றேன். ஐந்தாம் டிவிஷனில் இரட்டைச் சதம் அடித்தவனை நேரே இந்திய அணிக்கு எடுப்பார்களா என்பதுதான் என் வாதம், அவருக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து 2014 ஆட்டம் ஒன்றைப் போட்டார். எங்கள் ஹஸ்கீஸோடு ஆடியதுதான். 59-52 என்று தட்டுத் தடுமாறி ஜெயித்தோம். அதில் கப் எங்களுக்கு எதிராக 145 யார்டு, மூன்று டச்டவுன் (பந்தோடு எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டுவது). “பந்தைப் பார்க்காதே. எதிரே காவல் நிற்கிறவனின் குதிகாலைப் பார்” என்றார். கப் பத்து யார்டு ஒரே சீராக ஓடுகிறார். தோள் அசையவில்லை, தலை திரும்பவில்லை. திரும்பப் போகிறார் என்பதற்கு ஒரு அறிகுறியும் இல்லை. காவல்காரன் பின்னால் ஓடத் தயாராகி எடையைக் குதிகாலுக்குக் கொண்டுபோகிறான். அந்தக் கணத்தில் கப் ஒரு காலை ஊன்றி உள்பக்கம் வெட்டுகிறார், இடைவெளி இரண்டு அடி. யாகிமாக்காரர் ஆப்பிள் துண்டைக் கடித்துக்கொண்டே அதை ஆறு தடவை ஓட்டிக் காட்டினார். 2016-இல் வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தோடு ஆடியபோது கப் 206 யார்டு எடுத்ததையும் அடுத்த நாள் காட்டினார். நான் பட்டியலை மாற்றவில்லை.

டிராஃப்டில் ராஸ் ஒன்பதாவதாக சின்சினாட்டி பெங்கால்ஸ் அணிக்குப் போனார். கப் மூன்றாம் சுற்றில், 69-ஆவதாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணிக்கு. முதல் சீசனில் ராஸ் ஆடியது மூன்று ஆட்டம், பிடித்த பந்து பூஜ்யம்.

உடனே யாராவது வருவீர்கள், “ராஸுக்குக் காயம், பாவம்” என்று. ஒத்துக்கொள்கிறேன். அவர் கல்லூரியிலும் மோசமான ஆட்டக்காரர் இல்லை, 2016-இல் 17 டச்டவுன் பிடித்தவர். ஆனால் முழங்கால் போய் 2015 சீசன் முழுக்க வெளியே உட்கார்ந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதைதானே. ஹஸ்கீஸ் ரசிகனான எனக்குத் தெரியாதா? 4.22 கண்ணை மறைத்துவிட்டது. கம்பைனில் அணிகளுக்கு உண்மையிலேயே உபயோகமான விஷயம் டாக்டர்கள் செய்யும் பரிசோதனைதான், அதை டிவியில் காட்டுவதில்லை. ஓட்டத்தைக் காட்டுகிறார்கள், அதுவும் ஹெல்மெட் இல்லாமல், தோள்பட்டைக் கவசம் இல்லாமல், எதிரே ஆள் இல்லாமல். நேரத்தைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தில் ஒருவன் வேகமாகத் தெரிகிறான், கடிகாரம் இல்லை என்கிறது என்றால் திரும்பப் போய் ஆட்டத்தைப் பாருங்கள், எதிரே யார் நின்றார்கள் என்று பாருங்கள். நான் வீரர்களைத் தேடி எடைபோடும் ஸ்கௌட் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்புறம், பின்னால் பெரிய நட்சத்திரமான டாம் பிரேடி 199-ஆவதாக எடுக்கப்பட்ட கதையைக் கமெண்டில் தயவுசெய்து எழுதாதீர்கள்.

அளக்கிற வியாதி எங்கும் இருக்கிறது. எங்கள் ஊர்த் தமிழ் ஆட்களின் கிரிக்கெட் அணிக்கு ஆள் எடுக்கும்போது செல்போன் ஆப்பில் பந்து வேகம் அளந்தார்கள். எனக்கு வந்த எண்ணைச் சொல்ல மாட்டேன். ஆனால் முந்தைய வருஷம் ஸ்லிப்பில் ஒன்பது கேட்ச் பிடித்தது யார்? என்னை ஸ்கோர் எழுத உட்கார வைத்தார்கள், பிரியாணிப் பொட்டலம்கூடக் கடைசியில்தான் வந்தது. சரி, அது வேறு கதை.

2021 சீசனில் கப் பிடித்தது 145 பந்து, 1,947 யார்டு, 16 டச்டவுன். மூன்றிலும் லீகில் முதலிடம். அந்த சீசனின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் 2022 பிப்ரவரியில் நடந்தது. எதிரணி யார் தெரியுமா, அதே பெங்கால்ஸ். ராஸ் அங்கிருந்து எப்போதோ போய்விட்டிருந்தார். ஒன்றரை நிமிஷம்கூட மீதி இல்லாதபோது கப் ஒரு யார்டு டச்டவுன் பிடித்தார், ராம்ஸ் 23-20 என்று ஜெயித்தது. கப்பைக் காவல் காத்துத் தோற்றவர் ஈலை ஆப்பிள், 2016-இல் பத்தாவதாக எடுக்கப்பட்டவர், 40 யார்டை 4.40-இல் ஓடியவர்.

யாகிமாக்காரர் அதற்குள் ரிட்டயர் ஆகி ஊருக்கே போய்விட்டிருந்தார், பேசி ஒரு வருஷம் இருக்கும். ஆட்டம் முடிந்ததும் போன் அதிர்ந்தது. ஒரு எழுத்துகூட இல்லை, ஒரே ஒரு ஆப்பிள் படம்.