பழைய ஜிம்னி வாங்குகிறீர்களா? முதலில் சேசிஸைத் தட்டிப் பாருங்கள்

கேள்வி: பினாங்கு பாலிக் புலாவில் டுரியான் தோட்டம் ஒன்றைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். மேட்டில் ஏற ஒரு பழைய சுசுகி ஜிம்னி எஸ்ஜே410 பார்த்து வைத்திருக்கிறேன். விலை 9,000 ரிங்கிட். என்னிடம் இருப்பது மொத்தமே 15,000. வண்டி புகைக்கிறது. ஹாப்கட் இன்ஜின் (பாதியாக வெட்டி இறக்குமதி செய்த பழைய வண்டியிலிருந்து எடுத்தது) போட்டுவிடலாம், கிராண்டையும் (வண்டியின் உரிமைப் பதிவுச் சான்று) தானே பெயர் மாற்றித் தருகிறேன் என்கிறார் தரகர். கிராண்ட் இன்னும் விற்பவருடைய காலமான தந்தையின் பெயரில்தான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: தரகர் இன்ஜினைக் காட்டிப் பேசினால் நீங்கள் சேசிஸுக்கு, அதாவது வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கு, அடியில் படுங்கள். இன்ஜின் கெட்டால் சரிசெய்ய வழி உண்டு. சேசிஸ் இற்றுப்போன வண்டி உங்கள் 15,000-ஐயும் விழுங்கிவிட்டு இன்னும் கேட்கும்.

ஒரு சிறிய சுத்தியல், தடித்த ஸ்குரூடிரைவர், டார்ச் போதும். நான்கு பக்கமும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை வில்) மாட்டியிருக்கும் இடங்கள், பாடி உட்காரும் பிராக்கெட்டுகள், பின் குறுக்குச் சட்டம் ஆகியவற்றைத் தட்டுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலித்தால் ஸ்குரூடிரைவரால் அழுத்திக் குத்துங்கள். தோட்ட வண்டிகளில் சேறு பெட்டிச் சட்டத்துக்குள் புகுந்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. அதனால் வெளியே பளபளப்பாக இருப்பதை நம்பாதீர்கள். அடியில் புதிதாகக் கறுப்புத் தார்ப்பூச்சு அடித்திருந்தால் சுரண்டிப் பார்க்காமல் ஒரு காசு முன்பணம் கொடுக்கக் கூடாது. துருவின் மேலேயே தகடு வைத்து வெல்டிங் அடித்து, தார் பூசி விற்பது இங்கே அன்றாடம் நடக்கிறது. முறையாகச் செய்வதென்றால் இற்ற பகுதியை நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 3 மி.மீ. தகட்டை ஓரங்கள் சாய்வாக வரும்படி வெட்டிப் பற்றவைக்க வேண்டும். செங்குத்தாக வெட்டிய தகட்டின் விளிம்பிலேயே அடுத்த விரிசல் விழும். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் தொட்டியை இறக்கி, பேட்டரி, ஆல்டர்னேட்டர் இணைப்புகளைக் கழற்றச் சொல்லுங்கள். ஸ்பிரிங் மாட்டும் இடமே இற்றிருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்தது காகிதம். கிராண்டில் உள்ள சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். அழுக்கை டீசல் தொட்ட துணியால் துடையுங்கள். கிரைண்டர் வைத்தால் நல்ல எண்ணும் சந்தேக எண்ணாகிவிடும். பெயர் மாற்றத்துக்கு முன் வாகனச் சோதனை நிலையமான புஸ்பாகோமில் நடக்கும் பி5 சோதனையின்போது இதைத்தான் பார்க்கிறார்கள். தரகர் சொல்லும் ஹாப்கட்டில் வேறு இன்ஜின் எண் இருக்கும். ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) ஒப்புதல் வாங்கி, இன்ஜின் வந்த வழிக்கான ஆவணங்களைக் காட்டி, கிராண்டில் பதியாமல் அதை ஓட்ட முடியாது. “பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பவர் பணம் வாங்கியபின் போனை எடுக்கமாட்டார்.

தந்தை பெயரில் உள்ள கிராண்ட் விஷயத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பலர் சிக்குவது இதில்தான். உயிரோடிருக்கும் உரிமையாளர் என்றால் மைகார்டோடு வந்து கைரேகை வைத்துவிடுவார். காலமானவரின் மகன் வெறுமனே கையெழுத்துப் போட்டால் செல்லாது, அவர் ஒரே பிள்ளையாக இருந்தாலும் சரி. சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் அவருக்குச் சட்டப்படி வந்திருக்க வேண்டும். உயில் இல்லை, நிலமோ வீடோ இல்லை, அசையும் சொத்து மட்டும், அதுவும் 600,000 ரிங்கிட்டுக்கு மேல் போகாது என்றால் காலமானவர்களின் சொத்தை நிர்வகிக்கும் அரசு நிறுவனமான அமானா ராயா வழியாக முடிக்கலாம். உயர்நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை. வீடு இருந்தால் வழி வேறு, காலமும் கூடும். ஒரு பழைய ஜிம்னிக்காக ஒரு குடும்பம் இறப்புச் சான்றிதழைத் தூக்கிக்கொண்டு கவுன்டர் கவுன்டராக அலைய வேண்டியிருக்கிறது. இந்தச் சலிப்பில்தான் காசு வாங்கிக்கொண்டு காகித வேலை பார்க்கும் ரன்னர்கள் பிழைக்கிறார்கள். அந்த அலைச்சல் விற்பவருடையது. நிர்வாக அதிகாரம் தரும் ஆணை அவர் கைக்கு வரும்வரை வண்டியை எடுக்காதீர்கள். “தோட்டத்துக்குள்தானே ஓடப்போகிறது” என்ற சமாதானமும் வேண்டாம். தோட்டத்துக்குப் போகும் பாதி வழி பொதுச் சாலை.

புகைக்கு வருவோம். காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் நீலப் புகை வந்தால் பெரும்பாலும் வால்வு சீல். மேடேறும்போது விடாமல் நீலமாக வந்தால் பிஸ்டன் ரிங். கறுப்பு என்றால் கார்புரேட்டர். வெள்ளைப் புகை வந்து ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட். நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுந்தும் அளவு) பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றுக்கொன்று வித்தியாசம் சதுர செ.மீ.க்கு 1 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கெட். இந்த வண்டியின் 970 சிசி எஃப்10ஏ இன்ஜின் சுசுகி கேரி வேன்களிலும் ஓடியது. சாமான் கிடைக்கும், இருக்கும் இன்ஜினையே பிரித்துச் செய்யலாம். டைமிங் பெல்ட்டையும் டென்ஷனரையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.

ஆனால் கையில் உள்ள பணத்தில் பிரேக்குக்கே முதல் பங்கு. மாஸ்டர் பம்ப், சக்கர சிலிண்டர்களின் ரப்பர்கள், துருப்பிடித்த பிரேக் பைப் மூன்றையும் ஒன்றாகவே மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் புது அழுத்தத்தில் அடுத்த பழையது ஒழுகும். பிறகு ஸ்டியரிங். 60 கிலோமீட்டர் வேகத்தில் முன்சக்கரம் உதறினால் உதறலை அடக்கும் ஸ்டியரிங் டேம்பர் ஒன்றை விற்கப் பார்ப்பார்கள். அது நோயை மறைக்கும், அவ்வளவுதான். கிங்பின் பேரிங் (முன்சக்கரம் திரும்பும் முளையில் இருப்பது), டை ராடு எண்ட் (ஸ்டியரிங் கம்பியின் முனை மூட்டு), சக்கர பேலன்ஸ் மூன்றையும் பாருங்கள்.

கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் (இழுவையை முன்னும் பின்னும் பிரிக்கும் பெட்டி), முன் பின் அச்சுகளின் இரண்டு டிஃப்ரன்ஷியல் எல்லாவற்றுக்கும் சேர்த்து 6 லிட்டருக்குள் எண்ணெய் போதும். வடித்த எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. தண்ணீர் ஏறாதபடி ஆக்ஸில் பிரீதரில் (அச்சுக்குள் காற்று போய்வரும் துளை) ரப்பர் குழாய் மாட்டி இன்ஜின் அறைவரை உயர்த்திக் கட்டுங்கள். எண்ணெய்த் தரம் கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4, டிஃப்ரன்ஷியலுக்கு ஜிஎல்-5.

பெரிய டயர், வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் இப்போது வேண்டாம். இந்தச் சிறிய இன்ஜினுக்குப் பெரிய டயர் மாட்டினால் மேட்டில் இழுவை குறையும், கிளட்ச் சீக்கிரம் தேயும். பழைய அளவிலேயே நல்ல மண் டயர் நான்கு போதும்.