சாவி யாரிடம் இருக்கிறது?

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஃபேன்ஸி ஸ்டோரில் நான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை 9.30-க்குப் போனால் வீடு திரும்ப இரவு 9 மணி ஆகிவிடும். கடையில் பெண்கள் மூன்று பேர். கழிப்பறை மாடியில் இருக்கிறது, ஆனால் பூட்டியே இருக்கும். சாவி முதலாளியின் கல்லாவில். வாடிக்கையாளர்களும் கடைப் பையன்களும் சுற்றி நிற்கும்போது அவரிடம் போய்க் கேட்க வேண்டும். ஒருமுறை, "இப்பத்தானே போயிட்டு வந்தீங்க?" என்றார். அன்றிலிருந்து கேட்பதையே விட்டுவிட்டேன். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைக்குள் கால் வைக்க முடியாது. அதனால் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் இரண்டு தடவை சிறுநீர்த் தொற்று வந்துவிட்டது. "எல்லாரும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கோம், உனக்கு மட்டும் என்ன?" என்கிறார் மாமியார். வேலையை விட்டுவிடலாமா? இதற்காகவா வேலையை விடுவது என்றும் தோன்றுகிறது.
- பெயர் வேண்டாம், விழுப்புரம்

பதில்: அன்புள்ள மகளுக்கு,

வேலையை இப்போது விட வேண்டாம். அந்தப் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். முதலில் டாக்டரைப் பாருங்கள்.

ஆறு மாதத்தில் இரண்டு தடவை என்றால் மருத்துவர்கள் அதைத் 'திரும்பத் திரும்ப வரும் தொற்று' என்ற கணக்கில்தான் சேர்ப்பார்கள். போன தடவைச் சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கிருமி அந்த மருந்துக்குப் பழகியிருந்தால், எரிச்சல் இரண்டு நாள் அடங்கி மறுபடி கிளம்பும். யூரின் கல்ச்சர் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், எந்த மருந்து கேட்கும் என்று அதில் தெரியும். சர்க்கரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், விலாவுக்குப் பின்னால் வலி, வாந்தி, சிறுநீரில் இரத்தம் - இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

உங்கள் மாமியார் சொன்னதை நான் தள்ளிவிட மாட்டேன். எல்லாரும் அடக்கிக்கொண்டுதான் இருக்கிறோம். நானும் இருந்தேன். ஆசிரியையாக இருந்தபோது ஒரு சட்டமன்றத் தேர்தல் வேலைக்காக ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டார்கள். முந்தின நாளே போய் இராத்தங்க வேண்டும். கழிப்பறை இருந்தது. கதவில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஓட்டை. உள்ளே விளக்கு இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை, மக்குக்குப் பதிலாக மேல்பக்கம் வெட்டிய தண்ணீர் பாட்டில் ஒன்று. கூட வந்த டீச்சர் வெளியிலிருந்து கதவைப் பிடித்துக்கொள்ள, நான் கைப்பையைக் கழுத்தில் மாட்டி, புடவையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனேன். பையை மாட்ட ஓர் ஆணிகூட இல்லாத இடத்தில் ஒரு பெண்ணுக்கு எத்தனை கை வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. விடிவதற்குள் இருவரும் போய்விட்டு வந்தோம். அப்புறம் வாக்குப்பெட்டிக்கு சீல் வைக்கிற வரை போகவில்லை. அந்த வெயிலிலும் தண்ணீர் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் எரிச்சல் ஆரம்பித்தது. வீட்டில் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது, அந்தத் தாழ்ப்பாள் மேல் மட்டுமில்லை, ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்த என் மேலும்தான்.

பொதுக் கழிப்பறையில் உட்கார்ந்தாலே தொற்று ஒட்டிக்கொள்ளும் என்று நம்மில் பல பேருக்குப் பயம். சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் அப்படி வருவதில்லை. நம் குடலிலேயே இருக்கும் ஈ-கோலை கிருமிதான் அநேகமாகக் காரணம். ஆணுக்குச் சிறுநீர்க் குழாய் ஏறக்குறைய 20 சென்டிமீட்டர், பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர்தான். கிருமி ஏறிப் போக அவ்வளவு தூரம்தான். போகிற கிருமியை அடித்துக்கொண்டு வெளியே வருவது சிறுநீர். நீங்கள் தண்ணீரையும் குறைத்து, வருவதையும் அடக்கினால் கிருமி உள்ளேயே தங்கிப் பெருகும். அழுக்குக்குப் பயந்து நீங்கள் கண்டுபிடித்த வழிதான் உங்களை அதிகம் படுத்துகிறது. அடிக்கடி தொற்று வரும் 140 பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2018-ல் வெளிவந்தது. வழக்கமாகக் குடிப்பதற்கு மேல் தினமும் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஒரு வருடத்தில் தொற்று வந்தது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. தொற்று மறுபடி வராமலிருக்க, உங்களுக்கு யாரும் வேறு மருந்து எழுதுவதற்கு முன்னால் இதை எழுதலாம். ஆனால் குடித்தால் போக வேண்டுமே! அதனால்தான் சாவியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

இன்னும் ஒன்று. கால் படக்கூடாது, உடம்பு படக்கூடாது என்று பாதி எழுந்த நிலையில் அவசரமாகப் போய்விட்டு வருகிறோம். அப்போது சிறுநீர்ப்பை முழுசாகக் காலியாகாது. இந்தியன் டாய்லெட்டில் நன்றாகக் குந்தி, இரண்டு நிமிடம் கூடுதலாக உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கழுவுவது முன்னாலிருந்து பின்னால்.

சரி, சாவிக்கு வருவோம். கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு உண்டு. அங்கே தையல் வேலை பார்த்த விஜி என்ற பெண், 2009-10 வாக்கில் கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்று ஓர் அமைப்பைத் தொடங்கினார். கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடியவர்கள் என்றுதான் அவர்களைப் பற்றி வெளியே தெரியும். 2018-ல் கேரள அரசு அதற்காகச் சட்டத்தைத் திருத்தியது. 2021-ல் நம் தமிழ்நாடும் கடைகள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, கடையில் வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்றது. நீங்கள் இன்றைக்கு உட்கார ஒரு ஸ்டூலை உரிமையோடு கேட்கலாம் என்பது அப்படி வந்தது. ஆனால் மிட்டாய்த் தெருப் பெண்கள் முதலில் கேட்டது நாற்காலி இல்லை, கழிப்பறை. அவர்களும் உங்களை மாதிரியே தண்ணீர் குடிக்காமல் நாள் முழுக்க நின்றவர்கள்தான்.

நீங்களும் மூன்று பேராகப் போங்கள். தனியாகப் போனால் அது 'உங்கள் பிரச்சினை' ஆகிவிடும். நேரம் முக்கியம். காலையில் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து முடித்த பிறகு, முதல் வாடிக்கையாளர் வருவதற்கு முன்னால் பேசுங்கள். நீட்டி முழக்க வேண்டாம். "அண்ணே, மாடி பாத்ரூம் சாவியைப் படிக்கட்டு பக்கம் ஒரு ஆணியில மாட்டி வைங்க. ஒவ்வொரு தடவையும் உங்ககிட்ட வந்து கேக்க எங்களுக்குச் சங்கடமா இருக்கு. உடம்புக்கும் முடியாம போகுது." இவ்வளவு போதும். எத்தனை தடவை போகிறோம், எதற்குப் போகிறோம் என்று கணக்குச் சொல்லாதீர்கள், அவர் கேட்டாலும். பல முதலாளிகள் கெட்ட எண்ணத்தில் பூட்டுவதில்லை. வாடிக்கையாளர்கள் அசிங்கப்படுத்துகிறார்கள் என்று பூட்டுவார்கள், அப்படியே பழகிவிடும். அந்தச் சாவிக்காக ஒரு பெண் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் என்பது அவர் மனதில் ஏறியே இருக்காது. சொன்னால்தான் ஏறும். அவர் மனைவி கடைக்கு வந்துபோகிறவர் என்றால் அவர் காதிலும் போட்டு வையுங்கள்.

சாவி கிடைத்த கையோடு தாழ்ப்பாள், பல்பு, வாளி, மக்கு, மூடி போட்ட ஒரு குப்பைத் தொட்டி, பை மாட்ட ஓர் ஆணி எல்லாம் கேளுங்கள். குப்பைத் தொட்டி இல்லாததால்தான் மாதவிலக்கு நாளில் காலையில் வைத்த நாப்கினோடு இரவு வரை ஓட்டுகிறோம். நான்கிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், அதில் சமரசம் வேண்டாம். கழுவுகிற வேலையை மட்டும் உங்கள் மூவர் தலையில் கட்ட விடாதீர்கள். பையன்களும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கூலி கொடுத்து ஆள் வைப்பது கடையின் பொறுப்பு.

அவர் மறுத்தால், உங்கள் பகுதித் தொழிலாளர் உதவி ஆய்வரிடம் எழுதிக் கொடுக்கலாம். 1100 என்ற முதல்வர் உதவி எண்ணும் இருக்கிறது. உங்கள் கடையில் பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்த்து, வருடத்தின் எல்லா நாளும் திறக்கும் அரசு அனுமதியில் நடக்கிறது என்றால், ஓய்வறையும் கழிப்பறையும் தருவது அந்த அனுமதியின் நிபந்தனையிலேயே உண்டு. நீதிமன்றங்களில் கழிப்பறை வேண்டும் என்ற வழக்கில் 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையில் சேரும் என்றே சொல்லிவிட்டது.

பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையையும் விட்டுவிடாதீர்கள். உங்களுக்கு மாடி கிடைத்தாலும், பக்கத்துப் பூக்காரம்மாவுக்கு அதுதான் கதி. மும்பையில் 2011-ல் பெண்கள் ஓர் இயக்கம் நடத்தினார்கள். ஆண்கள் சிறுநீர் கழிக்க இலவசம், பெண்கள் அதற்கே காசு கொடுக்க வேண்டும் என்பதைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் ஊரில் வாசலில் உட்கார்ந்திருப்பவர் யாரிடம் எவ்வளவு வாங்குகிறார், உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா என்று ஒரு வாரம் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். நம் நகராட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு ஒதுக்கியது. உங்கள் வார்டில் பெண் கவுன்சிலர் இருந்தால் அந்தத் தாளை அவர் கையில் கொடுத்து, ஒருநாள் அவரையே உள்ளே கூட்டிப் போங்கள். அசையவில்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள்.

வேலையை விடுவதா என்ற கேள்வியை மூன்று மாதம் கழித்துப் பார்க்கலாம். அதற்குள் சாவி ஆணிக்கு வந்ததா, கல்ச்சர் முடிவு என்ன என்று எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். மாமியாரிடமும் ஒருநாள் உட்கார்ந்து பேசுங்கள். அவர் அடக்கிய காலத்தில் அவருக்கு என்னவெல்லாம் வந்தது என்று கேளுங்கள், அநேகமாக இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள்.