பழைய மல்டிமீட்டரை நம்பலாமா?

கேள்வி: பழைய டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று வாங்கியிருக்கிறேன். சரியாகக் காட்டுகிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பதில்: முதலில் மீட்டருக்குப் புது பேட்டரி போடுங்கள். பேட்டரி இறங்கினால் பல மீட்டர்கள் அளவைக் கூட்டிக் காட்டும். அப்புறம் ஓம்ஸில் (மின்தடை அளக்கும் நிலையில்) வைத்து இரண்டு புரோப் முனைகளையும் ஒட்டிப் பிடியுங்கள். 0.5 ஓமுக்குள் நிலையாக நின்றால் நல்லது. வயரை வளைக்கும்போது எண் துள்ளினால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. என் சந்தேகம் எப்போதும் முதலில் வயர் மேல்தான். புது 1.5 வோல்ட் அல்கலைன் செல்லில் சுமார் 1.6 காட்ட வேண்டும். 1 சதவீத ரெசிஸ்டர் (குறித்த மதிப்பிலிருந்து 1 சதவீதத்துக்கு மேல் விலகாத மின்தடை) ஒன்றையும் அளந்து, அந்த மதிப்பை ஒட்டிக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

பின்மூடியைக் கழற்றி ஃபியூஸைக் கட்டாயம் பாருங்கள். அதற்குப் பதில் வெறும் கம்பி சுற்றியிருந்தால், சரியான ஃபியூஸ் போடும்வரை வீட்டு மின்சாரத்தில் தயவுசெய்து வைக்காதீர்கள்.