தண்டுவடத்தை அழுத்தும் புற்றுநோய்க்கு ஒரே சிட்டிங் கதிர்வீச்சு போதுமா, ஐந்து அல்லது பத்து வேண்டுமா?

ஆயுள் சில மாதங்கள்தான் என்று மருத்துவர் கணித்திருந்தால் பெரும்பாலும் ஒன்றே போதும். வருடக்கணக்கில் இருப்பார் என்றால் பத்து சிட்டிங் பக்கம்தான் சாய்வேன்.

வழக்கத்தில் உள்ளவை மூன்று: ஒரே நாளில் 8 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), 5 நாளில் 20 கிரே, 10 நாளில் 30 கிரே. முதல் இரண்டையும் நேரடியாக ஒப்பிட்டது, 2019-இல் வெளியான ஸ்கோராட் ஆய்வு. 686 பேர். கம்பு ஊன்றியாவது எட்டாவது வாரத்தில் நடந்தவர்கள் ஒரே சிட்டிங்கில் 69.3%, ஐந்தில் 72.7%. வித்தியாசம் சிறியது; ஆனாலும் முன்பே வகுத்திருந்த புள்ளியியல் எல்லையை முடிவு மயிரிழையில் தாண்டிவிட்டதால், இரண்டும் சமம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அதில் பாதிப்பேர் ஏறத்தாழ 13 வாரத்துக்குள் இறந்துவிட்டார்கள் என்பதும் முக்கியம். நீண்ட நாள் வாழக்கூடிய, எலும்புக்கு மட்டும் பரவிய மார்பகப் புற்றுநோயாளிக்கு அந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. நடை விஷயத்தில் 20-ம் 30-ம் ஏறக்குறைய ஒன்றுதான்; அதிக டோஸின் லாபம், கட்டி அதே இடத்தில் திரும்ப வளர்வது குறைவதில்.

பலர் கேட்க மறப்பது: திரும்ப வந்தால் மறுபடி கொடுக்க இடம் இருக்குமா? தண்டுவடம் தாங்கும் கணக்கில் 8 கிரே ஒரே அடியாக 40 அலகு, 20/5 (5 நாளில் 20 கிரே) என்பது 60, 30/10 (10 நாளில் 30 கிரே) என்பது 75. ஆறு மாதமாவது இடைவெளி விட்டு, இரண்டு முறையும் சேர்த்து 120-க்குள் இருந்தால் ஆபத்து குறைவு. 30/10-க்குப் பிறகு ஒரு 8 கிரே கொடுத்தால் 115. 20/5 கொடுத்தால் 135, எல்லை மீறிவிடும்.

எலும்புத் துண்டே அழுத்தினாலோ, முள்ளெலும்பு நிலைகுலைந்திருந்தாலோ சிட்டிங் எண்ணிக்கையைப் பேசுமுன் அறுவை நிபுணரைப் பார்க்க வேண்டும். அறுவைக்குத் தகுதியானவர்களிடம் நடத்திய 2005 ஆய்வில், அறுவையோடு கதிர்வீச்சும் பெற்றவர்களில் 84% பேரும் கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் 57% பேரும் நடந்தார்கள். லிம்போமா, மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய் வகைகள் வேறு கதை. அவை கதிர்வீச்சுக்கே நன்றாகக் கரையும்.

எந்த அட்டவணையானாலும் கால் பலவீனம் தெரிந்த அன்றே டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு (வழக்கமாக நாளுக்கு 16 மி.கி.), முழு முதுகெலும்புக்கும் எம்ஆர்ஐ, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள் கதிர்வீச்சு. நடந்து வருபவர் பெரும்பாலும் நடந்தே போவார். கால் முழுக்கச் செயலிழந்து இரண்டு நாள் கடந்தால் மீள்வது அரிது. ஸ்டீராய்டைக் காலையிலும் மதியமும் கொடுத்தால் தூக்கம் அதிகம் கெடாது. சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள், சட்டென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள். வயிற்றுக்கு நேரான முதுகில் 8 கிரே கொடுத்தால் வாந்தி வரலாம். வாந்தியைத் தடுக்கும் ஆன்டான்செட்ரானை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள்.