மூன்று நாள் பயிற்சியில் எதை முதலில் சொல்லித் தருவது?

கேள்வி: குடும்ப நல அமைப்பு ஒன்றில் பயிற்சிப் பொறுப்பில் இருக்கிறேன். அடுத்த மாதம் 12 புதிய களப்பணியாளர்கள் சேருகிறார்கள். சிறுபான்மையினரும் புலம்பெயர்ந்து வந்தவர்களும் வாழும் பகுதிகளில்தான் வேலை. போன முறை சேர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு சமூகத்தின் பழக்கவழக்கங்களையும் தொகுத்துக் கையேடு கொடுத்தோம். அப்படியும் பல வீடுகளில் கதவே திறக்கவில்லை. பயிற்சிக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதல் நாளே கையேட்டைக் கொடுத்துவிடாதீர்கள். மெலனி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 1998இல் எழுதிய கட்டுரையில் ஒரு சம்பவம் வருகிறது. அறுவை சிகிச்சை முடிந்து சில மணி நேரமே ஆன ஒரு லத்தீன் அமெரிக்கப் பெண் முனகிக்கொண்டிருக்கிறார். வலி அதிகம் இருக்கும்போல் தெரிகிறதே என்கிறார் அங்கு வந்த மருத்துவர். இந்தச் சமூகத்தினர் வலியைக் கூட்டிக் காட்டுவார்கள், வகுப்பில் படித்திருக்கிறேன் என்று செவிலியர் அதைத் தள்ளிவிடுகிறார். அந்தப் பாடத்தைப் படிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நோயாளியையே கேட்டிருப்பார்! பிற பண்பாடுகளைக் கரைத்துக் குடித்துவிட்டோம் என்ற நினைப்புக்கு மாற்றாக இந்த இருவரும் முன்வைத்ததுதான் 'பண்பாட்டுப் பணிவு'. தன் பார்வையில் உள்ள கோணலைத் தானே கவனிப்பது, எதிரில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது, தன் கையில் இருக்கும் அதிகாரத்தை மறக்காமல் இருப்பது. இதற்குப் பட்டமளிப்பு நாள் என்று ஒன்று கிடையாது.

அந்த அதிகாரத்திலிருந்தே தொடங்குங்கள். கதவு ஏன் திறக்கவில்லை? ஆஸ்திரேலியாவில் இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திடமிருந்து பிரித்துக் கொண்டுபோனவர்கள் 'நலன்' என்ற பெயரில்தான் வந்தார்கள். அரசு மன்னிப்புக் கேட்டது 2008இல். அமெரிக்காவிலும் பழங்குடிக் குழந்தைகள் இப்படி அள்ளிச் செல்லப்பட்டதைத் தடுக்க 1978இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. பணியாளருக்கு இதெல்லாம் வரலாறு. கதவுக்கு உள்ளே இருக்கும் பாட்டிக்கு அது கொண்டுபோகப்பட்ட தங்கை. இவ்வளவு கொடுமை நடக்காத இடங்களிலும், அலுவலகத்தில் அவமானப்பட்டுத் திரும்பிய ஒரு நாளாவது பலர் நினைவில் இருக்கும். ஆகவே திறக்காத கதவை 'ஒத்துழைப்பின்மை' என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அது அனுபவம் கற்றுத்தந்த எச்சரிக்கை.

வாசலில் சொல்லும் முதல் நான்கு வாக்கியங்களுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். நான் யார், எதற்காக வந்திருக்கிறேன், என்ன எழுதிக்கொள்வேன், அதை யார் படிப்பார்கள். கூடவே, வேண்டாம் என்று சொல்லலாமா, சொன்னால் என்ன ஆகும் என்பதையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'நீங்கள் சொல்வது எதுவும் வெளியே போகாது' என்று ஒருபோதும் வாக்குக் கொடுக்கக் கூடாது. குழந்தைக்கு ஆபத்து என்றால் தெரிவித்தே ஆக வேண்டிய கடமை இருந்தால், அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. இதை ஒருவர் குடும்பமாகவும் ஒருவர் பணியாளராகவும் நடித்துப் பழகட்டும். குடும்பத்தின் நாற்காலியில் எல்லோரும் ஒருமுறையாவது உட்கார வேண்டும்.

நான் விடாமல் செய்யும் இன்னொரு பயிற்சி உண்டு. உங்கள் அமைப்பின் சேர்க்கைப் படிவத்தை, பயிற்சிக்கு வந்தவர்கள் தங்கள் குடும்பத்தை வைத்தே நிரப்பட்டும். வருமானம், கடன், நோய், வீட்டுச் சண்டை எல்லாம். முடித்ததும், 'பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள்' என்று சொல்லிவிட்டு, கைமாறும் முன்பே நிறுத்திவிடுங்கள். தாள்களை அவர்களே கிழித்துப் போடட்டும். அந்த ஒரு நொடியில் முகங்கள் மாறும். மதியம் வரை பேசுவதற்கு அது போதும்.

மொழிபெயர்ப்பு விஷயத்தில் விதி ஒன்றே: வீட்டுப் பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அம்மா தன் வலியை மகள் வாய்வழியாகச் சொல்ல மாட்டார். சொன்னாலும் மகள் அதை வடிகட்டித்தான் தருவாள். சின்ன ஊராக இருந்தால் மொழிபெயர்ப்பாளர் உறவினராகவோ அண்டை வீட்டாராகவோ இருக்கவும் வாய்ப்பு உண்டு. 'இவர் வரலாமா' என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் நாளைக் கோப்பு எழுதுவதற்கு விடுங்கள். பலர் இதை அலுவலக வேலை என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அது பெரிய தவறாகவே படுகிறது. 'தாய் ஒத்துழைக்க மறுத்தார்' என்பது ஒரு பதிவு. 'மூன்று முறை காலை 11 மணிக்குப் போனோம். அந்த நேரம் அவர் வேலையில் இருப்பார்' என்பது இன்னொரு பதிவு. ஆள் ஒருவர்தான். முதல் வாக்கியமோ அடுத்தடுத்த அலுவலர்களிடம் அவரோடு சேர்ந்தே நடக்கும். பழைய பதிவுகளைப் பெயர் நீக்கிக் கொடுத்து, கண்டது எது, கருதியது எது என்று கோடிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள். குடும்பத்தின் எதிரில் வாய்விட்டுப் படிக்கக் கூசும் வரியைத் திருத்தி எழுதட்டும்.

மூன்று நாளோடு இது முடியாது. முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்க முடியாவிட்டால், பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்தாவது அதற்கு வழி செய்யுங்கள். அதே சமூகத்திலிருந்து வந்த பணியாளர் உங்கள் குழுவில் இருந்தால், எல்லாக் கேள்விகளையும் அவர் தலையில் கட்டாதீர்கள். சமூகத்தின் ஒட்டுமொத்தப் பிரதிநிதியாக இருக்கச் சொல்லி அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை.

பயிற்சிக்கு முன்பு, போன முறை கதவைத் திறக்காத வீடுகளில் இரண்டு மூன்று பேரையாவது நம்பிக்கையான ஒருவர் மூலம் அணுகி, என்ன நடந்தது என்று கேளுங்கள். அவர்கள் செலவிடும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். கையேடு அலமாரியிலேயே இருக்கட்டும். விரத நாளிலோ வழிபாட்டு நேரத்திலோ போய்க் கதவைத் தட்டாமல் இருக்க அது பயன்படும்.